துணிக்கு அந்தப் பக்கம்

முதலில் என் கையெழுத்துக்காக மன்னித்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்பதில் எனக்கும் தமிழுக்கும் இன்னும் தகராறு தீரவில்லை. சில எழுத்துகள் பின்பக்கமாகச் சாய்ந்து நிற்கும். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது, போகப் போகச் சொல்கிறேன். புரியாத இடம் வந்தால் கடைக்கு வந்து கேளுங்கள். ஆனால் ஒவ்வொருவராக வாருங்கள். நாலு பேர் சேர்ந்து கேட்டால் எனக்கு நாக்கு எழாது என்பது உங்களுக்கே தெரியும்.

போன வாரம் என் சைக்கிள் கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு ஒரு புதுப் படத்தைப் பற்றி நீங்கள் சண்டை போட்டீர்கள். ஒருவர் அழுதேன் என்றார். ஒருவர் இடைவேளைக்கே எழுந்து வந்துவிட்டேன் என்றார். "நீங்க ரெண்டு பேரும் ஒரே படத்தத்தான் பாத்தீங்களா?" என்று தபால்காரர் கேட்டார். எல்லாரும் சிரித்தீர்கள். பிறகு என் பக்கம் திரும்பி, "நீ இன்னாப்பா சொல்றே?" என்றீர்கள். நான் டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி தேடுகிறவன்போலக் குனிந்துகொண்டேன். என்னிடம் பதில் இல்லாமல் இல்லை. அது பெஞ்சில் உட்கார்ந்து சொல்லும் நீளத்தில் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அப்போது படம் பேசாத காலம். எங்கோ பேச ஆரம்பித்துவிட்டது என்று சொல்லிக்கொண்டார்கள். எங்கள் மயிலாப்பூர்ப் பக்கத்துக்கு அது இன்னும் வந்து சேரவில்லை. குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் வீடு. அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனாவுக்குச் சொந்தமாக ஒரு ஜட்கா வண்டியும், காது ஓரம் நரைத்த ஒரு குதிரையும் இருந்தன. அந்தக் கோடையில் கால்வாய்க்கு அப்பால் மணல்வெளியில் ஒரு சினிமாக் கொட்டகை போட்டார்கள். கூடாரம்தான். பழுப்புத் துணி, மூங்கில் கால்கள், கீழே மணல். படத்தின் விளம்பரத் தட்டிகளைக் கட்டிக்கொண்டு தெருத் தெருவாகப் போக வண்டி வேண்டியிருந்தது. நைனாவின் வண்டிக்கு அந்த வேலை கிடைத்தது. முன்னால் ஒருவர் தப்பு அடித்துக்கொண்டு நடப்பார், நைனா நோட்டீசை வீசிக்கொண்டு வண்டி ஓட்டுவார். ரோஸ் நிறத் தாள், மஞ்சள் தாள், பச்சைத் தாள். அதற்குப் பதிலாக எங்கள் வீட்டார் எல்லாரும் எந்த ஆட்டத்துக்கும் உள்ளே போகலாம். அந்தக் கோடை முழுவதும் நாங்கள் சாப்பிட்டதைவிடப் படம் பார்த்ததுதான் அதிகம் என்று அம்மா சொல்வாள்.

கொட்டகை எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டும். இப்போது அந்த மாதிரி எங்கும் இல்லை. படம் விழும் வெள்ளைத் துணியைக் கொட்டகையின் ஒரு கோடியில் கட்டமாட்டார்கள். நடுவில் கட்டுவார்கள். படம் காட்டும் மிஷின் இருக்கும் பக்கம் ஆண்கள். துணிக்கு அந்தப் பக்கம் பெண்களும், என்னைப் போன்ற சின்னப் பிள்ளைகளும். துணியின் இரண்டு ஓரத்திலும் மூங்கில் தட்டி மறைப்பு. ஆட்டம் தொடங்கும் முன் ஒரு ஆள் ஏணி வைத்து ஏறி, பித்தளைக் குழலால் துணி முழுவதும் தண்ணீர் பீச்சி நனைப்பார். துணி நனைந்தால்தான் வெளிச்சம் ஊடுருவி எங்கள் பக்கமும் படம் தெரியும்.

நண்பர்களே, நான் அதற்கப்புறம் எத்தனையோ கொட்டகையில் படம் பார்த்துவிட்டேன். ஆனால் இன்றைக்கும் சினிமா என்றால் எனக்கு முதலில் வருவது ஈரத் துணியின் வாசனைதான். அதோடு மணலின் குளிர்ச்சி, பெண்கள் தலையிலிருந்து வரும் கதம்பம், வெளியே கட்டியிருக்கும் எங்கள் குதிரையின் செருமல். மிஷினின் விளக்கு துணிக்குப் பின்னால் ஒரு மங்கல் நிலாவாக நிற்கும். அந்த நிலாவுக்குள்ளிருந்து ராஜாக்களும் யானைகளும் வருவார்கள். படத்துக்கு நடுவில் எழுத்து அட்டை வரும்போது, கையில் பிரம்போடு ஒருவர் அதைப் படித்துக் கதை சொல்வார். அவர் நிற்பது ஆண்கள் பக்கம். அவர் குரல் ஈரத்துணியில் வடிந்து எங்களிடம் வரும். நான் அம்மா மடியில் தலையைச் சாய்த்துக் கிடப்பேன். பாதி படம், பாதி தூக்கம். எது எங்கே முடிந்தது என்று எனக்கே தெரியாது.

அந்தப் பருவத்தில் எல்லாருக்கும் பைத்தியம் பிடிக்கவைத்த படம் ஒன்று வந்தது. ஓர் அரசகுமாரி. தகப்பனைச் சிறையில் போட்டுவிடுகிறார்கள். அவள் ஆண் வேஷம் போட்டுக்கொண்டு, சுவரில் தொங்கும் கத்தியை உருவிக்கொண்டு புறப்படுகிறாள். அந்த நடிகைக்குப் பெரிய கண்கள். அவள் கத்தியை உருவும் இடத்தில் எங்கள் பக்கத்தில் குழந்தைகூட அழாது.

அன்று வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தபோதுதான் சண்டை தொடங்கியது.

"இன்னாமா கத்தி சொழட்றா பாத்தியா," என்றார் நைனா. "சோத்துக் கையில புடிச்சா ஒரு புடி. ஆம்பள கெட்டான் போ."

"எது சோத்துக் கை?" என்றாள் அம்மா. "பீச்சாங்கையாலதானே எடுத்தா?"

"ஐயே. ராஜா வூட்டுப் பொண்ணு எங்கனா பீச்சாங்கையால கத்தி எடுப்பாளா? தூங்கிக்கினு பாத்தியா?"

"நீதான் முட்டக்கண்ண வச்சிக்கினு தூங்கிக்கீறே. அப்பன் ஜெயிலுக்குப் போறப்போ எப்டி அழுதா! கன்னத்துல தண்ணி தாரதாரயா ஊத்துது."

"அவ எங்க அழுதா? கல்லு மாதிரி நின்னா. அதானே அந்த எடத்துல விசேசம்!"

என் அக்கா சோற்றைப் பிசைந்துகொண்டே, "எடக்கைதான் நைனா," என்றாள் மெதுவாக. "நான் நல்லாப் பாத்தேன்."

நைனாவின் முகம் மாறிவிட்டது.

காரணம் இருக்கிறது. என் அக்கா இடது கைக்காரி. கோலம் போடுவது, காய் நறுக்குவது, குதிரைக்குப் புல் வைப்பது எல்லாம் இடது கைதான். பெரியவளாக ஆக ஆக நைனாவுக்கு அது ஒரு பயமாகவே ஆகிவிட்டது. பழைய கடிவாளத் தோலால் சாப்பாட்டு நேரத்தில் அவள் இடது கையை இடுப்போடு சேர்த்துக் கட்டுவார். மறந்து அந்தக் கையால் எதையாவது நீட்டினால் வாங்கமாட்டார். "சோத்துக் கையால குடு," என்று சொல்லி, அவள் கை மாற்றும்வரை காத்திருப்பார். சில நாள் சாட்டைக் கம்பால் மணிக்கட்டில் ஒன்று விழும். அவர் கெட்டவர் இல்லை. அடித்த நாளில் அவரும் சாப்பிடமாட்டார். "பீச்சாங்கைக்காரிய எவன்டி கட்டுவான்? நாளிக்கி எவன் வூட்லனா சோறு போடறப்போ அந்தக் கையால போட்டான்னா?" என்று அம்மாவிடம் கேட்பார். அக்காவுக்கு அப்போது பதினெட்டு நடந்துகொண்டிருந்தது. அவளைப் பார்க்க வந்த ஓர் இடம், அவள் தண்ணீர்ச் சொம்பை நீட்டிய விதத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டது.

உங்களில் கெட்டிக்காரர்களுக்கு இந்நேரம் விளங்கியிருக்கும். துணிக்குப் பின்னாலிருந்து பார்த்தால் எல்லாம் கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பித்தான் தெரியும். வலது இடதாகும். துணியில் வழிந்த தண்ணீர் அவள் கன்னத்தில் வழியும். ஆனால் எங்கள் வீட்டில் யாருக்கும் அது தெரியாது. நைனா பெண்கள் பக்கம் வந்ததில்லை, அம்மா ஆண்கள் பக்கம் போனதில்லை. எங்கள் பக்கத்துப் பெண்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் இருந்திருந்தால் எழுத்து திரும்பியிருப்பதைப் பார்த்திருப்பார்கள். இருந்தது நான் ஒருவன்தான். அப்போதுதான் எனக்கு எழுத்து கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அவ்வளவு பெரிதாக, அவ்வளவு வெளிச்சமாகத் துணியில் வந்த எழுத்துதான் சரியான எழுத்து என்று நான் முடிவு செய்துவிட்டேன். பலகையில் அதே மாதிரி எழுதி வாத்தியாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். என் எழுத்து பின்னால் சாய்வது அங்கே ஆரம்பித்ததுதான்.

சண்டை எங்கள் வீட்டோடு நிற்கவில்லை. தெருக் குழாயடியில் பெண்கள் எல்லாரும் இடது கை என்றார்கள். வண்டி நிற்கும் இடத்தில் ஆண்கள் எல்லாரும் வலது கை என்றார்கள். "பொம்பளைங்களுக்குப் படம் பாக்கத் தெரியாது" என்பது ஒரு கட்சி. "ஆம்பளைங்க பீடி இஸ்துக்கினு எங்க பாக்கறாங்க" என்பது இன்னொரு கட்சி. பந்தயம் கட்டிக்கொண்டு மறுபடி போய்ப் பார்ப்பார்கள். பார்த்துவிட்டு, முன்பைவிட உறுதியாகத் திரும்பி வருவார்கள். கொட்டகைக்காரருக்கு உண்மை தெரியும். அவர் ஏன் சொல்லப்போகிறார்? நைனா ஒரு தடவை அவரிடமே நியாயம் கேட்டாராம். "இன்னொரு தபா பாத்துட்டு வா, தெளிஞ்சிடும்," என்று சிரித்தாராம் அவர்.

அக்காவுக்கு மட்டும் அது சண்டையாக இல்லை. அந்தப் படம் மட்டுமா? எங்கள் பக்கத்தில் வந்த எல்லாப் படத்திலும் ராஜா இடது கையால் செங்கோல் பிடித்தார், மந்திரி இடது கையால் தாடி தடவினார், தேவகன்னிகை இடது கையால் பூப் போட்டாள். அக்கா முழங்காலைக் கட்டிக்கொண்டு, வாயைத் திறந்தபடி பார்ப்பாள். ஈரத் துணியின் வெளிச்சம் அவள் முகத்தில் வெள்ளையாக ஆடும். ஒரு நாள் என் காதில், "டேய், அங்க எல்லாருமே என்ன மாதிரிடா," என்றாள். எந்த ஊரைச் சொல்கிறாள் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. அப்படி ஓர் ஊர் இருக்கிறது, ரயில் ஏறினால் போகலாம் என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

ஆவணி பிறந்ததும் ஓர் இடம் வந்தது. ராயப்பேட்டையில் எங்கள் குதிரைக்கு லாடம் அடிக்கிறவருடைய மகன். அவரும் தகப்பனோடு அதே வேலை. நல்ல இடம். இதுவும் கை நழுவினால் தன் மகளுக்கு வேறு வழியில்லை என்று நைனா முடிவே கட்டிவிட்டார். அன்று காலையில் அம்மா அக்காவின் இடது கையில் முந்தானையைச் சுருட்டிக் கொடுத்து, "அவங்க போற வரிக்கும் இத்த வுடக்கூடாது. செத்தாலும் வுடக்கூடாது," என்றாள்.

அவர்கள் நைனாவின் வண்டியிலேயே வந்து இறங்கினார்கள். லாடக்காரர், அவர் சம்சாரம், மாப்பிள்ளை. அக்கா வலது கையால் வெற்றிலைத் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். தட்டு லேசாக ஆடியது. எல்லாரும் தட்டையே பார்த்தார்கள்.  பேச்சை வேறு பக்கம் திருப்பத்தான் லாடக்காரர் வாயைத் திறந்தார்.

"அந்தக் கத்திப் படம் பாத்தீங்களா?"

"அத்த ஏன் கேக்குறீங்க," என்றார் நைனா. "எங்க வூட்ல தெனமும் சண்ட. சோத்துக் கையால எடுக்கிற கத்திய இவங்க பீச்சாங்கைன்னு சாதிக்கிறாங்கோ."

"உங்க வூட்லயுமா!" லாடக்காரர் தொடையில் தட்டினார். "இவளும் அதே பாட்டுதான் அண்ணாத்தே. பேஜாரு."

"இன்னா பேஜாரு?" என்றாள் அவர் சம்சாரம். கனத்த உடம்பு, கணீர்க் குரல். "நாங்க இத்தினி பொம்பளைங்க குந்தி பாத்தோம். அத்தினி பேருக்குமா கண்ணு அவுஞ்சி போச்சு?"

"அப்டிக் கேளுங்கக்கா," என்று அம்மா சேர்ந்துகொண்டாள்.

வந்த வேலையை எல்லாரும் மறந்துவிட்டார்கள். குரல் ஏறியது. கத்தி சுவரில் எந்தப் பக்கம் தொங்கியது, குதிரை எந்தப் பக்கம் போனது, அவள் அழுதாளா இல்லையா. நைனா எழுந்து நின்று, வலது கையை வீசிக் காட்டினார். "இப்டி! இப்டித்தான் உருவுனா!"

"இல்ல நைனா," என்றாள் அக்கா.

எப்படி நடந்தது என்று எனக்கு இன்றும் கனவு மாதிரித்தான் இருக்கிறது. முந்தானை அவிழ்ந்து விழுந்தது. ஆணியில் தொங்கிய நைனாவின் சாட்டையை அக்கா இடது கையால் எட்டிப் பிடித்து, ஒரு சுழற்றுச் சுழற்றி, நெஞ்சுக்கு நேராக நிறுத்தினாள். கூரைக்குக் கீழே காற்று விர்ரென்று கிழிந்தது. வெளியே எங்கள் குதிரை சாட்டைச் சத்தம் கேட்டுக் கனைத்தது. அக்காவின் கண்கள் அந்த நடிகையின் கண்களைவிடப் பெரிதாக இருந்தன.

"இப்டித்தான் எடுத்தா," என்றாள்.

அப்புறம்தான் தன் கையைப் பார்த்தாள். நைனா சுவரோடு ஒட்டி உட்கார்ந்துவிட்டார். அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

"பொண்ணு பீச்சாங்கைக்காரி போலக் கீதே," என்றார் லாடக்காரர், மெதுவாக.

"ஆமாய்யா, கீது!" என்று கத்தினாள் அவர் சம்சாரம். அவள் முகமெல்லாம் வெற்றி. "பாத்தியா? அப்டியே அவதான்! அதே கை, அதே புடி! நான் தெனம் சொன்னா இல்லேன்னியே, இப்போ சொல்லு!" அவள் எழுந்து வந்து அக்காவின் இடது கையைச் சாட்டையோடு பிடித்துக்கொண்டாள். "ராணி கை மாமே இது. இந்தக் கைய வேணான்னு சொல்லிப் பாரு நீ."

லாடக்காரர் மகனைப் பார்த்தார். மாப்பிள்ளை அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர். காது சிவக்க, "அந்தச் சாட்டைய மொதல்ல கீழ வெக்கச் சொல்லுமா. மாட்டேன்னு சொன்னா அடி வுழும் போலக் கீது," என்றார். அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் அழுகையும்.

தையில் கல்யாணம் என்று வைத்தார்கள்.

அதற்கு முன்னால் ஐப்பசி மழை வந்து கொட்டகையை எடுக்கவைத்தது. கடைசி நாள் சாயங்கால ஆட்டத்துக்கு அந்தக் கத்திப் படத்தையே போட்டார்கள். பாதியில் தூறல். எங்களைச் சீக்கிரம் அழைத்துப்போக நைனா முதல்முறையாகத் தட்டியைத் தள்ளிக்கொண்டு பெண்கள் பக்கம் வந்தார். அம்மாவைக் கூப்பிட வாயெடுத்தவர், துணியைப் பார்த்தார். அப்போது அந்த அரசகுமாரி கத்தியை உருவினாள். நைனா அப்படியே நின்றார். கூரைத் துணியிலிருந்து சொட்டிய மழை அவர் தலையில் விழுந்தது. அதைத் துடைக்கவில்லை. தட்டிக்கு அந்தப் பக்கம் தலையை நீட்டிப் பார்த்தார். மறுபடி இந்தப் பக்கம் பார்த்தார். அக்கா அவர் வந்ததைக் கவனிக்கவில்லை. முழங்காலைக் கட்டிக்கொண்டு, வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். நைனா அவளையும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, யாரையும் கூப்பிடாமல் வெளியே போய்விட்டார். குதிரைக்குப் பக்கத்தில் நனைந்துகொண்டு நின்றார். பார்த்ததை வீட்டில் யாரிடமும் அவர் சொல்லவில்லை. கடிவாளத் தோலை மட்டும் அதற்கப்புறம் நான் பார்க்கவில்லை.

கொட்டகை மறுபடி வரவே இல்லை. படம் பேச வந்துவிட்டது. அக்காவுக்குக் கல்யாணமாகிச் சில வருஷங்கள் கழித்து, மவுண்ட்ரோடுப் பக்கம் ஒரு கல் கட்டடக் கொட்டகையில், அதே நடிகை நடித்த பேசும் படம் வந்தது. ஒரு பகல் ஆட்டத்துக்கு எல்லாரும் நைனாவின் வண்டியிலேயே போனோம். அக்கா, அவள் மாமியார், அம்மா, நான். அக்காவின் புருஷன், என் மாமா, படியில் தொற்றிக்கொண்டார். அங்கே துணி நடுவில் இல்லை, சுவரோரம் இருந்தது. அதற்கு அந்தப் பக்கம் என்று ஒன்று இல்லை. எல்லாரும் ஒரே பக்கம்தான் உட்கார்ந்தோம்.

அவள் வந்தாள். பாடினாள், பேசினாள். எல்லாரும் குரலைக் கேட்டு ஆ என்றார்கள். அக்கா குரலைக் கேட்கவில்லை என்று நினைக்கிறேன். அவள் அந்த நடிகையின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். விளக்கேற்றியது வலது கை. பூப் பறித்தது வலது கை. புருஷனுக்குச் சோறு போட்டதும் வலது கை.

திரும்பி வரும்போது வெயில் தாழ்ந்திருந்தது. மாமியார் பாட்டு நன்றாக இருந்தது என்றாள். அம்மா பழைய படத்துக்கு ஈடாகாது என்றாள். மாமா சண்டை போதாது என்றார். அக்கா என் பக்கம் சாய்ந்து சொன்னாள்:

"அவளையும் அட்ச்சி மாத்திட்டாங்க போலக் கீதுடா."

முன்னால் உட்கார்ந்து ஓட்டிக்கொண்டிருந்த நைனாவின் முதுகு அசையவில்லை. குதிரை தானாக நடை தளர்த்தியது. கொஞ்ச தூரம் போனதும், திரும்பாமலே அக்காவிடம் சொன்னார்:

"எம்மா. அந்தக் கத்திப் படம் கீதே. நீ சொன்னதுதான் சரி. எடக்கைதான் அவளுக்கு. நான்தான் சரியாப் பாக்கல."

"இத்த ஒத்துக்க இத்தினி வருசமா?" என்று அம்மா சிரித்தாள். மாமியாரும் சேர்ந்து சிரித்தாள். நைனா சிரிக்கவில்லை.

அக்கா மடியிலிருந்த வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரித்து, ஒரு கை அள்ளி, நைனாவின் தோளுக்கு மேலாக முன்னால் நீட்டினாள். அவர் திரும்பினார். அது எந்தக் கை என்று பார்த்தார். பார்த்துவிட்டு, உள்ளங்கையை விரித்து வாங்கிக்கொண்டார்.

கார்த்திகை மாதம் எட்டாம் தேதி, மழை விட்ட சாயங்காலம், கடையைச் சீக்கிரம் பூட்டிவிட்டு எழுதியது.